தொண்டு என்றால் கூலி இல்லையா?

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கவுன்சிலர் வருகிறார்" என்று வில்லியனூரில் நாலு பேர் காதில் படும்படி சொல்லிப் பாருங்கள்! சாக்கடை அடைப்புக்கு ஒரு மனு, தெருவிளக்குக்கு ஒரு மனு, முதியோர் உதவித் தொகைக்கு ஒரு மனு என்று எழுதி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள்மீது குற்றமில்லை. கவுன்சிலர் என்றால் கொம்யூன் பஞ்சாயத்தில் நாற்காலி போட்டு உட்காருபவர் என்றே கேட்டுப் பழகிய காது அது. அந்தக் கவுன்சிலரின் கதை என்ன? 1968-இல் ஒரு தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தலுக்கு முப்பத்தெட்டு ஆண்டு காத்திருந்து 2006-இல் வாக்களித்தோம். 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுகள் பல உருண்டன. வாக்குப்பெட்டி மட்டும் வரக் காணோம்.

அந்தக் கவுன்சிலரைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். இன்று நாம் பேச வந்தது மற்றொரு கவுன்சிலரைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையில் இரண்டு நாற்காலி போட்டு, வாய் திறக்காத பிள்ளையை வாய் திறக்க வைத்து, அது அழுதால் அழவிட்டு, சொன்னால் கேட்டு, வழி சொல்லி அனுப்பும் அந்த அம்மையாரைப் பற்றி! பிள்ளைகள் 'கவுன்சலிங் மிஸ்' என்பார்கள். ஈழத் தமிழர் 'உளவளத்துணை' என்று அழகாகச் சொல்வர். இங்கே 'ஆற்றுப்படுத்துநர்' என்று ஒரு சொல் வழங்குகிறது. இந்தச் சொல்லுக்குள் ஒரு வழக்கே அடங்கியிருக்கிறது. அதைப் பின்னால் பிரிப்போம்.

"வயிற்றுக்கே வழியைக் காணோம், மனசுக்கு வைத்தியமா? பணக்காரன் வீட்டு ஆடம்பரம் அய்யா இது!" என்று கூறும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. இந்தத் தொழில் பணக்காரன் வீட்டில் பிறக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பிழைப்புத் தேடிப் பல நாடுகளிலிருந்தும் வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில், 1908-இல் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு சிறு நிலையம் திறந்தார். படிப்பை முடித்தும் முடிக்காமலும் ஆலைக்கு ஓடிய இளைஞர்களை நிறுத்தி, "உனக்கு என்ன வரும், எங்கே போனால் பிழைப்பாய்" என்று உட்கார வைத்துப் பேசினார். பள்ளி ஆலோசகர் என்ற தொழிலுக்கு வித்து அங்கேதான் விழுந்தது. உழைப்பவன் பிள்ளைக்காகப் பிறந்த தொழில் இது!

நம் பிள்ளைக்கு இது தேவையா என்று கேட்போருக்குக் கணக்கும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2015-இல் தந்த புள்ளி இது: ஓர் இலட்சம் பேரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர், இந்தியா முழுமைக்கும் 10.6, புதுவையில் 43.2. நாட்டிலேயே அதுதான் முதலிடம்! 2022-இல் நாட்டின் சராசரி 12.4, புதுவையில் 29.7. இறங்கியிருக்கிறது, மறுக்கவில்லை. இறங்கியும் இரண்டு மடங்குக்கு மேலே நிற்கிறது! அதே 2022-இல் நாடு முழுவதும் மாண்ட மாணவர் 13,044 பேர். இப்படிப்பட்ட சாவுக்குக் காரணம் ஒன்றல்ல, பல. ஆனால் உற்ற நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து கேட்டால் பல உயிர் மீளும் என்பது உலகம் அறிந்த உண்மை.

சேதராப்பட்டுப் பக்கம் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் தந்தை. பாகூர் வயலில் நாற்று நட்டுவிட்டு, மாலையில் குழுக்கடன் தவணைக்கு ஆள் வருவானே என்று அஞ்சும் தாய். தெருமுனையிலே சாராயக் கடை. வீட்டிலே சண்டை. வகுப்பிலே சாதி சொல்லிச் சீண்டும் சகமாணவன். கையிலே கைபேசி; அதற்குள் யாரோ முகமறியா மனிதன். தேர்வு நாளை. இவ்வளவும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் புத்தகப் பைக்குள் இருக்கிறது, தோழர்களே! அந்தப் பையை இறக்கிவைக்க இடம் வேண்டாமா?

அந்த இடத்தை முதலில் தந்தவர் யார்? நேர்மையாகப் பேசுவோம். கடவுள் இல்லை என்போர் நன்றியும் இல்லாதவர் என்று நம்மைப் பழிப்போர் உண்டு. நாம் அப்படிப்பட்டவர் அல்லர். குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் புதுவை மண்ணில் கால் வைத்தது 1827-இல். துய்ப்புயி பாதிரியார் நம் நாட்டுப் பெண்களையே கொண்டு ஒரு கன்னியர் சபையை உண்டாக்கி, பெண் பிள்ளைகளுக்குக் கல்வி என்று புறப்பட்டது 1844-இல். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது! புதுவை–கடலூர் மறைமாவட்டத்தின் பல்நோக்குச் சமூக சேவைச் சங்கம், 2004-இல் கடல் பொங்கி வந்து கரையோரக் குடிகளை வாரிச் சென்றபோது துயர்துடைப்புப் பணியில் இறங்கியது. இந்தப் பணிகளை நாம் மறைக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வணங்கத்தக்க உயர்வும் அந்த வழியில் உண்டு. வருந்தத்தக்க கறையும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறோம்.

1935-இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஒரு பெண் குழந்தையை அடக்கம் செய்தார். வயது பதினான்கு. பருவம் எய்தியதை ஏதோ கொடிய நோய் என்று எண்ணி, கேட்க ஆளில்லாமல், உயிரை விட்டது அந்தக் குழந்தை. "ஒரே ஒருவர், ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்!" என்ற எண்ணம் அந்தப் பாதிரியாரைப் பதினெட்டு ஆண்டு விடவில்லை. 1953-இல் இலண்டனில் தம் கோயிலுக்குள்ளேயே ஒரு தொலைபேசியை வைத்தார். துயருற்றோர் யாரும் பேசலாம் என்றார். கோயிலிலே பிறந்த அந்த அமைப்பு மதத்தைப் போதிக்கவில்லை. கேட்பதே வேலை, மாற்றுவது வேலையல்ல என்பதே அதன் விதி. அந்த வழியில் கொழும்பில் 1974-இல் 'சுமித்ரயோ' பிறந்தது. சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வைத் தொடங்கினார். இது உயர்வு.

கறை எது? புதுவைத் தேவாலயத்துக்குள்ளேயே பறையர் ஒருபுறம், சாதிக் கிறித்தவர் மறுபுறம் என்று பிரித்த சுவர் ஒன்று இருந்ததையும், அதன்மேல் எழுந்த பூசலையும் 1745-இல் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆண்டவன் வீட்டுக்குள்ளும் அக்கிரகாரத்துச் சட்டம்! ஆகவே, எந்த மதத்தின் கருணையும் மனிதன் கட்டிய சுவருக்குத் தப்பியதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். இந்துக் கோயிலோ, கிறித்தவ சபையோ, இசுலாமிய அறக்கட்டளையோ, எதுவாயினும் நமக்கு ஒரே தராசுதான்.

இனி அந்த அம்மையாரின் பணிவாழ்வைப் பாருங்கள். தனி ஒருவரின் வரலாறல்ல இது. இந்தத் துறையில் பலர் நடக்கும் பாதை.

சமூகப் பணியிலோ உளவியலிலோ முதுகலைப் பட்டம். வீட்டிலே முதல் பட்டதாரி. அரசு வேலைக்கு விளம்பரம் வரவில்லை. சமயச் சார்பான ஒரு சமூக சேவை அமைப்பு அழைக்கிறது. "மூன்று ஆண்டுத் திட்டம் அம்மா, பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசவேண்டும்." போகிறார். காலையில் ஒரு பள்ளி, பிற்பகல் ஒரு பள்ளி, மாலையில் பெற்றோர் வீடு, இரவில் அறிக்கை. கையில் தருவதற்குப் பெயர் சம்பளமல்ல, 'மதிப்பூதியம்'! மதிப்பு இருக்கிறது, ஊதியந்தான் இல்லை. மூன்றாண்டு முடிகிறது. வெளிநாட்டு நிதி நிற்கிறது. திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது. வேறோர் அமைப்பு, வேறொரு திட்டம், மறுபடியும் முதல் படி. இப்படியே இருபது ஆண்டு ஏறி இறங்கினால், கையில் இருப்பவை நாலு நற்சான்றிதழும் ஒரு பொன்னாடையும்!

கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "இது வேலையல்ல அம்மா, ஊழியம். இது தொழிலல்ல, தொண்டு. மேலே இருப்பவர் கணக்கு வைத்திருக்கிறார்." மேலே இருப்பவர் கணக்கு வைத்திருக்கலாம், மளிகைக் கடைக்காரரும் கணக்கு வைத்திருக்கிறாரே!

துறவறம் பூண்ட கன்னியர் அந்த வாழ்வை விரும்பி ஏற்றவர். அவருக்கு உணவுக்கு மடம் உண்டு. முதுமையில் படுக்க ஒரு கட்டில் உண்டு. பார்த்துக்கொள்ளச் சபை உண்டு. அவரோடு ஒரே அறையில், ஒரே வேலை செய்யும் இல்லறத்துப் பெண்ணுக்கு எந்த மடம்? எந்தக் கட்டில்? துறவியின் எளிமையைக் காட்டி, குடும்பக்காரியின் கூலியைக் குறைப்பது எந்த வேதத்தின் நீதி?

சட்டமும் இந்த அம்மையாரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு உழைப்பாளிக்கு ஓர் அரண். தரும நிறுவனம் என்பதாலேயே அங்கு உழைப்பவர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. விரும்பி, சம்பளமின்றி உழைப்போர் கூடி நடத்தும் ஆசிரமம் போன்றவை வேறு. கூலிக்கு ஆள் வைத்தால் அது தொழில் என்றது தீர்ப்பின் சாரம். அந்த அரணை 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இடித்தது. அறப்பணி, சமூகப்பணி, கொடைப்பணி ஆகியவற்றில் முழுமையாகவோ பெரும்பாலுமோ ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் 'தொழில்' ஆகா என்று எழுதிவிட்டார்கள். பொருள் விளங்குகிறதா, தோழர்களே? ஆலைத் தோழன் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் தகராறு எழுப்பும் கதவு, அங்கே பணியாற்றும் அம்மையாருக்குச் சாத்தப்பட்டது. குற்றம் என்ன? அவர் ஏழைக் குழந்தைக்கு உதவினார்!

இன்னொரு தீர்ப்பையும் பாருங்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியராய் இருக்கும் கன்னியரும் குருக்களும் வாங்கும் சம்பளம் சபைக்கே போகிறது, ஆகவே வரி பிடிக்கக் கூடாது என்று வாதாடினார்கள். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சம்பளம் சம்பளமே, பிடித்தம் உண்டு என்று முடிந்தது. நாம் கேட்கிறோம்: வரி பிடிக்கும்போது அது சம்பளம், உரிமை கேட்கும்போது மட்டும் சேவையா?

கூலியோடு முடிந்துவிடவில்லை வழக்கு. குழந்தையின் பாதுகாப்பும் அதில் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி தண்டனை. சரி, குழந்தை விரல் நீட்டும் ஆள் அந்த நிர்வாகத்தைச் சேர்ந்தவராகவே இருந்தால்? மாதாமாதம் புதுப்பிக்க வேண்டிய வேலையில் இருக்கும் ஒரு பெண், தனக்குச் சோறு போடும் கையையே காட்டிக்கொடுக்க வேண்டும்! செய்வார்கள், செய்த வீராங்கனைகளும் இருப்பார்கள். ஆனால் ஒரு குழந்தையின் பாதுகாப்பை ஒரு பெண்ணின் வீரத்தில் மட்டும் தொங்கவிடலாமா? அவர் வேலை உறுதியானால்தான் அவர் வாயும் உறுதியாகும்.

இப்போது அந்தச் சொல்லைப் பிரிப்போம். ஆற்றுப்படை என்பது நம் சங்கத் தமிழ் தந்த செல்வம். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாடு, திண்டிவனம் பக்கம். நமக்கு அடுத்த வீடு! அங்கே வழி காட்டுபவன் யார்? பரிசில் பெற்று, பசி நீங்கித் திரும்பும் பாணன். அவன்தான் எதிரே வரும் ஏழைப் பாணனைப் பார்த்து, இந்த வழி போ என்கிறான். வயிறு நிறைந்தவன் வழி சொன்னான். பசித்தவனைப் பிடித்து வழி சொல்லச் சொல்லவில்லை தமிழன்! இன்று நாம் என்ன செய்கிறோம்? வழிகாட்டியைப் பட்டினி போட்டுவிட்டு, வருகிற குழந்தைக்கு வழி சொல் என்கிறோம்.

"அரசு வேலையாக்கினால் அன்பு போய்விடும், கோப்பு மட்டும் மிஞ்சும்" என்று ஓர் எதிர்வாதம் உண்டு. அலட்சியமாகத் தள்ளக்கூடிய வாதமல்ல. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதை பேசும் அலுவலகத்தை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் பிள்ளைக்குச் சோறு போட்ட வரலாற்றைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஏழைப் பிள்ளையின் பசிக்கு விடை சத்திரத்துச் சோறு. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுத்தான் இலை போடுவார்கள். 1920-இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. 1956-இல் காமராசர் அதை விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989-இல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. தருமமாக இருந்தது உரிமையானது. அன்பு போய்விட்டதா? இல்லை, அவமானம் போயிற்று!

அரசு ஏற்கும்போது உழைத்தவரைக் கைவிடக் கூடாது என்பதும் நம் பாடம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை 1996-இல் பம்பாயில் தொடங்கி, ஊர் ஊராய்ச் சுமந்தவர்கள் தொண்டு நிறுவனத்தார். 2023-இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்தது. எடுத்தது சரி. ஆனால் இரவெல்லாம் அந்தத் தொலைபேசியைக் காத்தவர் பலர் வேலை இழந்தனர். மரத்தை வாங்கி, நட்டவனை விரட்டுவது நியாயமாகுமா?

பணம் எங்கே என்பார்கள். பாகூரிலேயே பதில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு என்ன சொல்கிறது? இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, வேதம் கற்றோரின் கல்விக்கூடத்துக்கு, மூன்று ஊர்களின் வருவாய் தானமாகக் கொடுக்கப்பட்டது! அந்த மூன்று ஊரிலும் சேற்றில் இறங்கியவன் மகனுக்கு அங்கே இடம் இருந்திருக்குமா? மன்னராட்சியில் ஒரு சாராரின் படிப்புக்கு மூன்று ஊர் வருவாய் கிடைத்தது. மக்களாட்சியில், அந்தச் சேற்றில் இறங்கியவன் பேத்திக்கு ஒரு சம்பளம் கிடைக்காதா? புதுவைக் கருவூலத்தின் முக்கிய வரவுகளில் ஒன்று மதுவின் ஆயத்தீர்வை. தகப்பன் குடித்த காசில் ஒரு பங்கு, அதனால் அழும் பிள்ளையின் கண்ணீரைத் துடைக்கத் திரும்பட்டும்!

நாம் கேட்பது சலுகையுமல்ல. 2025 ஜூலை 25-இல் உச்சநீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் தந்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிலையம் ஒவ்வொன்றும், பயிற்சி பெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க அல்லது அமர்த்திக்கொள்ள வேண்டும். சிறிய நிலையங்கள் வெளியிலுள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு வைக்கவேண்டும் என்றது. அந்த 'அல்லது அமர்த்திக்கொள்ள' என்ற இடத்தில்தான் ஆபத்து பதுங்கியிருக்கிறது. பத்துப் பள்ளிக்கு ஓர் அம்மையாரை ஒப்பந்தத்தில் அமர்த்தி, பெயர்ப்பலகையில் எழுதிவிட்டு, முடிந்தது என்று கைகழுவ வழி இருக்கிறது. 2023-24 முதல் அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தை விரித்தார்கள். அந்த வாரியத்தின் இணைப்பு விதியிலும் ஆலோசகருக்கு இடம் உண்டு. பாடத்தைக் கொண்டுவந்தவர்கள் ஆலோசகரையும் கொண்டுவர வேண்டுமல்லவா?

ஆகவே புதுவை ஆட்சியாளரை நாம் கேட்கிறோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எந்தப் பள்ளியில், எந்தப் பெயரில், எந்தச் சம்பளத்தில் ஆலோசகர் இருக்கிறார் என்ற பட்டியலை வெளியிடுங்கள். நிரந்தரப் பணியிடம் உண்டாக்குங்கள். சமய அமைப்புகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவரின் அனுபவத்தைத் தகுதியாகக் கொண்டு அவருக்கு முதலிடம் தாருங்கள். சமய அமைப்புகளையும் கேட்கிறோம்: உங்கள் பணி நிற்க வேண்டாம். நடத்துங்கள், ஆனால் எழுத்தில் நியமனம், காலத்தில் சம்பளம், வைப்புநிதி ஆகியவற்றோடு நடத்துங்கள். உங்கள் பிரார்த்தனையில் இவற்றுக்கும் இடம் இருக்கட்டும்.

தோழர்களே, 1936 ஜூலை 30-இல் சவானா ஆலைப் போராட்டத்தில் பன்னிரண்டு தொழிலாளர் குண்டுக்கு இரையான மண் இது. எட்டு மணி நேர வேலை சும்மா வரவில்லை. அன்று நெசவாலைத் தோழனுக்காக எழுந்த குரல், இன்று நம் பிள்ளைகளின் அழுகையைக் கேட்கும் ஒரு பெண்ணுக்காக எழக்கூடாதா? பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். "எங்கள் பள்ளியில் ஆலோசகர் யார்?" என்று கேளுங்கள். பிள்ளை அந்த அறைக்குப் போய் வந்தால் "பைத்தியமா?" என்று கேலி பேசாதீர்கள். 1098 என்ற எண்ணையும், 2022 முதல் மனநலத்துக்கென்று இயங்கும் 14416 என்ற எண்ணையும் மன்றத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். பிள்ளைக்குக் காது கொடுப்பது அரசின் கடமை. அந்தக் காதுக்குரியவருக்குக் கூலி கொடுப்பதும் அரசின் கடமையே!